வாய் மூடாத உறை

அன்புள்ள மகளுக்கு,

நீ கொடுத்தனுப்பிய துப்பாக்கி உறை நேற்று சாயங்காலம் கைக்கு வந்தது. தையல் நூல் பிடித்த மாதிரி நேராக ஓடுகிறது, விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. பை கம்பெனியில் ஆறு வருஷம் மிஷினில் உட்கார்ந்த கை என்று யாரும் சொல்லாமலே தெரிகிறது. மேசைமேல் வைத்து உள்ளே இருந்த துப்பாக்கி வடிவ மரக்கட்டையை உருவினேன். தொட்டாற்சிணுங்கி இலை மாதிரி உறையின் வாய் மெதுவாக மூடிக்கொண்டது. அந்த நிமிஷமே அது துப்பாக்கி உறை இல்லை என்று ஆகிவிட்டது. மூக்குக் கண்ணாடி வைத்துக்கொள்ளலாம்.

கோபித்துக்கொள்ளாதே. தப்பு உன் கையில் இல்லை, நீ எடுத்த தோலில் இருக்கிறது. பை கம்பெனியில் தோலைத் தடவிப் பார்த்து "வெண்ணெய் மாதிரி இருக்கு" என்றால் அது பாராட்டு. இந்த வேலையில் அப்படியொரு தோல் வந்தால் திருப்பி அனுப்பு. துப்பாக்கியை உறையிலிருந்து எடுக்கிறவனுக்கு இரண்டு கையும் இருக்கலாம். திருப்பி வைக்கும்போது ஒரு கைதான், அதுவும் கண் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருக்கும். அப்போது வாய் மடிந்து கிடந்தால் அந்த மடிப்பு டிரிகர் வளையத்துக்குள் போய் விரல் செய்கிற வேலையைச் செய்துவிடும். பழசாகித் தொளதொளத்த தோல் உறையால் தன் தொடையிலேயே சுட்டுக்கொண்டவர்கள் பல நாடுகளில் உண்டு. அதனால் முதல் சோதனை இதுதான்: துப்பாக்கியை எடுத்த பிறகும் வாய் திறந்தே நிற்க வேண்டும். இரண்டாவது, டிரிகர் வளையம் முழுக்கத் தோலுக்குள் இருக்க வேண்டும், வெளியிலிருந்து சுண்டு விரல்கூட நுழையக்கூடாது. இந்த இரண்டும் தேறாத உறைக்கு என்ன பூ வேலை செய்தும் பிரயோஜனமில்லை.

அந்த விறைப்பு எங்கிருந்து வரும் என்கிறாயா? மரப்பட்டையில் பதனிட்ட தோலிலிருந்து வரும். நீ இதுவரை தொட்டதெல்லாம் குரோமில் பதனிட்ட தோல். 1903 வாக்கில் ஆல்ஃபிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் பதனிடுதலை முயன்று பார்த்தார். 1912-இல் சேம்பர்ஸ் என்பவர் பல்லாவரம் பக்கம் குரோம் லெதர் கம்பெனி தொடங்கினார். குரோம்பேட்டை என்ற பேரே அதிலிருந்து வந்ததுதான். அதற்கு முன்னால் நம் ஊர்த் தோல் என்றால் ஆவாரம் பட்டையில் ஊறி, கடுக்காயில் முடிந்து, புங்க எண்ணெய் பூசிக்கொண்டு வெளியே வருவது. கிழக்கிந்தியத் தோல் என்று கப்பலேறிப் போனது அதுதான். சென்னைப் பெரியமேட்டுத் தோல் கடைகளில் சுருக்கமாக ஈ.ஐ. என்பார்கள். முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் சிப்பாயின் பூட்ஸுக்கு மேல்தோலாகப் போனதும் இதுதான். பிறகு ஆவாரம் போய் வாட்டில் பட்டை வந்தது. நீலகிரியிலும் பழனி மலையிலும் அந்த மரத்தைத் தோப்புத் தோப்பாக நட்டார்கள். 1970-களில் மத்திய அரசு கச்சாத் தோலை ஏற்றுமதி செய்யக்கூடாது என்று தடுத்து, அரைகுறையாய்ப் பதனிட்ட தோலுக்கும் வரம்பு போட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டை எல்லாம் குரோமுக்கும் ஷூவுக்கும் அதிகமாகத் திரும்பின. பட்டைத் தோலுக்குப் புவிசார் குறியீடு வாங்கியாயிற்று. ஆனால் அதில் முழுப்பொருள் செய்யத் தெரிந்த கை இன்று நம் பக்கம் குறைவு. நூறு வருஷத்துக்கு மேலாக மூலத்தை அனுப்பிவிட்டுச் சும்மா இருந்த ஊர் இது. எனக்கு அதில் ஒரு மனத்தாங்கல் உண்டு, அது இருக்கட்டும்.

தோல் தொழிலாளியைத் தெருவுக்குள் விடாத ஊர்களும் இதே மாநிலத்தில்தான் இருந்தன. திண்டுக்கல் தோல் ஷாப்புகளில் உழைத்தவர்களைப் பற்றி டி. செல்வராஜ் எழுதிய "தோல்" நாவலுக்கு 2012-இல் சாகித்ய அகாதெமி விருது கிடைத்தது. நேரம் கிடைத்தால் படி. உன் மேசைக்கு வருகிற தோல் யார் யார் கையை அரித்துவிட்டு வருகிறது என்று தெரிந்துகொள்வது நல்லது.

பெரியமேட்டுக்குப் போவது உனக்குச் சுலபம். கும்மிடிப்பூண்டியில் ரயில் ஏறினால் மூர் மார்க்கெட்டில் இறங்கி நடக்கிற தூரம். வெள்ளிக்கிழமை மதியம் போகாதே, தொழுகை நேரம். கடைக்காரர் "சுத்தமான பட்டைத் தோல்மா" என்று சத்தியம் செய்வார். செய்யட்டும். நகம் அளவு ஒரு துண்டு கேட்டு வாங்கி, டீக்கடையில் கொதிக்கிற தண்ணீரில் ஒரு நிமிஷம் போட்டுப் பார். பட்டைத் தோல் சுருண்டு கருவாடாகிவிடும். குரோம் ஏறியது பெரிதாக அசையாது. வெட்டு வாயையும் பார், நடுவில் நீலச் சாம்பல் ஓடினால் குரோம். இதில் செமி குரோம் என்று ஒன்று உண்டு, பட்டையில் பதனிட்டுப் பிறகு குரோமில் போட்டது. பார்க்கப் பழுப்பாக இருக்கும், கொதிநீரில்தான் குட்டு உடையும். தொழில் தொடங்கிய புதிதில் நான் அதில் ஏமாந்து பன்னிரண்டு உறை தைத்தேன். ஒன்றுகூட உருவம் பிடிக்கவில்லை.

கனம் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டுக்காரன் வீடியோவில் எட்டு அவுன்ஸ், ஒன்பது அவுன்ஸ் என்பான். ஒரு அவுன்ஸ் என்பது கிட்டத்தட்ட 0.4 மி.மீ. எட்டு என்றால் 3.2 மி.மீ. நம் ஊர் மாட்டுத் தோலில் அவ்வளவு கனம் அபூர்வம், நம் மாடுகள் சின்ன மாடுகள். எருமையில் கனம் கிடைக்கும், ஆனால் நார் தளர்வு, மேற்பரப்பும் சொரசொரப்பு. நான் கண்ட வழி, 1.6 மி.மீ. பசுத்தோல் இரண்டை எடுத்து, சதைப்பக்கம் சதைப்பக்கத்தோடு சேர சொலூஷன் போட்டு ஒட்டுவது. இரண்டு பக்கமும் வழவழப்பு, நடுவில் விறைப்பு. ஒற்றைக் கனத் தோலைவிட இது உருவத்தை நன்றாகப் பிடிக்கும் என்பது என் அனுபவம். முதுகுப் பகுதியையே எடு. வயிற்றுத் தோல் இழுத்த பக்கமெல்லாம் வரும். அதைச் சாவிக் கொத்துக்கு வைத்துக்கொள்.

இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீ முகம் சுளிப்பாய். ஆறு மாதம் உறையைத் தொடாதே, பெல்ட் மட்டும் செய். உறையைத் தாங்குவது பெல்ட்தான். தோட்டாவோடு ஒரு கிலோ எடையை இடுப்பில் ஒரு பக்கமாக மாட்டினால் சாதாரண பெல்ட் முறுக்கிக்கொண்டு வெளியே சாயும். பிறகு எவ்வளவு நல்ல உறையும் ஆடும். பெல்ட்டையும் இரண்டு அடுக்காகச் செய். ஒட்டும்போது நேராக வைத்து ஒட்டாதே, இடுப்பு வளைவுக்கு வளைத்துப் பிடித்துக்கொண்டே ஒட்டு. நேராக ஒட்டினால் கட்டும்போது உள்பக்கம் சுருக்கம் விழும். அகலம் 38 மி.மீ. உறையின் பெல்ட் துளையும் அதே 38-க்கு இறுக்கமாக இருக்கட்டும், இரண்டு மி.மீ. தளர்ந்தாலும் உறை தலையாட்டும். அளவுக்குப் பேன்ட் சைஸ் கேட்காதே, எல்லாரும் பொய் சொல்வார்கள். கட்டியிருக்கிற பெல்ட்டைக் கழற்றச் சொல். பக்கிள் மடிப்பிலிருந்து அவர் போடுகிற துளை வரை அள. அது ஐந்து துளையில் நடுத் துளையாக வரட்டும்.

பெல்ட்டின் பெருமைக்கு ஒரு கதை. 1858-இல், இன்றைய உத்தரப் பிரதேசத்தின் பிலிபித் பக்கம் நடந்த சண்டையில் சாம் பிரவுன் என்ற அதிகாரிக்கு இடது கை போயிற்று. வாளுறையைப் பிடித்துக்கொள்ள இடது கை வேண்டும், இல்லையென்றால் அது காலில் அடிக்கும். அதற்காகத் தோள்மேல் குறுக்காக ஒரு வார் போட்டு இடுப்புப் பெல்ட்டைத் தூக்கிப் பிடிக்கவைத்தார். அணிவகுப்பில் நம் காவல் அதிகாரிகள் மார்பின் குறுக்கே போடுகிற கிராஸ் பெல்ட் அதன் பேரப்பிள்ளை. கையில்லாதவன் தேவைக்குப் பிறந்தது கையுள்ளவர்களுக்கு அழகாகிவிட்டது.

உறைக்கு வருவோம். அட்டையில் துப்பாக்கியின் நிழலை வரைந்து, அதன் பாதிக் கனத்தையும் தோலின் கனத்தையும் கூட்டி, அந்தத் தூரத்தில் தையல் கோடு போடு. ரிவால்வருக்கு உருளை புடைத்திருக்கும், அங்கே கோடு விலகி ஓடும். தட்டையான பிஸ்டலுக்கு அந்தத் தொல்லை இல்லை. குழல் நுனியில் இருக்கிற குறிமுள்ளுக்காக உறைக்குள் ஒரு வாய்க்கால் விட மறக்காதே, இல்லாவிட்டால் எடுக்கும்போது தோலைச் சுரண்டும். தையல் கையால்தான். ஒரே நூலின் இரண்டு முனையிலும் ஊசி, ஒரே துளையில் எதிரும் புதிருமாக. நூலுக்குத் தேன்மெழுகு தடவு, நீளம் தையல் கோட்டைப்போல் நாலு மடங்கு. அங்குலத்துக்கு ஆறு தையல் போதும், நெருக்கினால் தபால்தலை மாதிரிக் கிழியும். மிஷின் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் தோலுக்கு நடுவில் கொக்கி போட்டுக்கொண்டுதான் நிற்கின்றன. ஒரு இடத்தில் அறுந்தால் பக்கத்துக் கண்ணிகளும் கைவிடும். இரட்டை ஊசித் தையலில் ஒரு கண்ணி அறுந்தாலும் இன்னொரு பக்க நூல் பிடித்துக்கொண்டிருக்கும்.

உருவம் பிடிப்பதுதான் இந்த வேலையின் உயிர். தைத்த உறையை வெதுவெதுப்பான தண்ணீரில் முக்கு. குமிழி நின்றதும் எடு. உடனே கை வைக்காதே. ஈரத்தில் கறுத்த தோல் ஓரங்களில் மறுபடி வெளுக்கத் தொடங்கும், அதுவரை காத்திரு. அதற்குப் பிறகு பிளாஸ்டிக் தாள் சுற்றிய கட்டையை உள்ளே செருகி, விரலாலும் வழவழப்பான எலும்பாலும் ஒவ்வொரு வளைவையும் அழுத்து. வீடியோவில் மான் கொம்பை வைத்துத் தேய்ப்பார்கள். நீ தேடிப் போகாதே, இங்கே 1972-ஆம் வருஷ வனவிலங்குச் சட்டம் இருக்கிறது, மான் கொம்பு வீட்டில் இருந்தாலே வழக்கு. மாட்டெலும்பு போதும். நிழலில் மின்விசிறிக் காற்றில் காயட்டும். அவசரப்பட்டு வெயிலிலோ அடுப்புப் பக்கமோ வைத்தால், டீக்கடைத் தண்ணீரில் அந்தத் துண்டுக்கு என்ன ஆனதோ அதில் கொஞ்சம் உறைக்கும் ஆகும்.

உன் வீட்டில் இன்னொரு எதிரி உண்டு. சிப்காட்டின் உருக்காலைகளும் ரோலிங் மில்களும் பக்கத்தில். அங்கிருந்து பறந்து வருகிற இரும்புத் தூள் ஈரமான பட்டைத் தோலில் விழுந்தால் மை தெளித்த மாதிரி கரும்புள்ளி வரும். இது மந்திரமில்லை. கடுக்காயும் அன்னபேதி என்ற இரும்பு உப்பும் சேர்த்து மை காய்ச்சினார்களே, அதேதான். காளஹஸ்தியில் கலம்காரிக்காரர்கள் துருப்பிடித்த இரும்பையும் வெல்லத்தையும் ஊறவைத்துக் கறுப்பு எடுப்பதும் இதே வழியில். ஆகவே ஈரத்தோலை மூடி வை, ஜன்னலைச் சாத்து, தகர டப்பாவில் தண்ணீர் எடுக்காதே. புள்ளி விழுந்துவிட்டால் உடனே எலுமிச்சம் சாற்றால் துடை. அந்தக் கறுப்பே வேண்டுமென்றால் காடியில் துருப்பிடித்த ஆணியைப் பத்து நாள் ஊறப்போட்டு அந்தத் தண்ணீரைப் பூசு. தண்ணீர் பட்டாலும் வியர்வை பட்டாலும் சட்டையில் ஒட்டாத கறுப்பு அது. கடைச் சாயம் ஒட்டும்.

விளிம்புக்கு நான் புளியங்கொட்டைக் கஞ்சிதான் தேய்ப்பேன், பளிங்கு மாதிரி வரும். எண்ணெய் மட்டும் கஞ்சத்தனமாகப் போடு. கொஞ்சம் கூடினால் நீ பட்ட பாடெல்லாம் போய் உறை மறுபடி வெண்ணெயாகிவிடும்.

வாங்குகிறவரிடம் ஒன்றைச் சொல்லியே கொடு: துப்பாக்கியை உறையோடு பீரோவில் வைக்கக்கூடாது. தோல் ஈரம் குடிக்கும், பட்டையில் புளிப்பு உண்டு. தேர்தல் வந்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை ஸ்டேஷனில் ஒப்படைக்கிறார்கள் அல்லவா, ஒருவர் என் உறையோடு சேர்த்தே கொடுத்துவிட்டார். திரும்பி வாங்கும்போது ஒரு பக்கம் முழுக்கத் துரு. என்னைத்தான் திட்டினார். திட்ட வேண்டியதுதான், நான் சொல்லியிருக்க வேண்டும். தோட்டாவைத் தோல் வளையத்தில் விட்டு வைத்தாலும் பித்தளையில் பச்சைக் களிம்பு ஏறும்.

அதைவிட முக்கியம், "அளவு பார்க்க ரெண்டு நாள் வெச்சிருங்க" என்று யார் துப்பாக்கியை நீட்டினாலும் வாங்காதே. 1959-ஆம் வருஷ ஆயுதச் சட்டப்படி லைசென்ஸ் இல்லாமல் கையில் வைத்திருப்பதே குற்றம். அளவு எடுத்துக்கொண்டு தச்சரிடம் கட்டை செதுக்கு. அதற்கு ஆரஞ்சு வண்ணம் அடித்து வை, ஜன்னல் வழியாகப் பார்க்கிறவர் பதறக்கூடாது.

ஆர்டர் எப்படி வரும் என்று கேட்டிருந்தாய். உறைக்கு நம் ஊரில் ஆள் குறைவு, மறைக்க மாட்டேன். காவலர் சரக்கு டெண்டரில் போகிறது, நைலானும் பிளாஸ்டிக்கும் பாதி இடத்தைப் பிடித்துவிட்டன. உனக்குச் சோறு போடப்போவது பெல்ட். 2022-இல் ஆவடிக்குத் தனிக் கமிஷனர் அலுவலகம் வந்தது. சிறப்புக் காவல் படையும் சி.ஆர்.பி.எஃப்.பும் முன்பிருந்தே அங்கே உண்டு. சீருடைக் கடைகளில் உன் பெல்ட் இரண்டைக் கொடுத்துப் பார். நடுநடுவே யாராவது வந்து "கங்கா" படத்து ஜெய்சங்கர் மாதிரி தொடையில் கட்டுகிற உறை கேட்பார்கள். நாடகத்துக்கு, கல்யாண ஃபோட்டோவுக்கு. செய்து கொடு, நல்ல காசு. ஆனால் வாய் திறந்தே நிற்கட்டும்.

அடுத்த சனிக்கிழமை காலை ரயிலில் வா. கத்தியை மட்டும் கொண்டுவா, நீ தீட்டுகிற விதத்தைப் பார்க்க வேண்டும். முதுகுத் தோல் ஒன்று பேசி வைத்திருக்கிறேன். டீக்கடைக் கொதிநீர்ச் சோதனையை இந்தத் தடவை நீ செய்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா