பத்திரம் பதிஞ்சாச்சு, பட்டா ஏன் மாறலை? ஒரே சர்வரில் இரண்டு மென்பொருள் பேசிக்கொள்ளும் வழிகள்

செஞ்சிப் பக்கம் தொண்டூரில் ஒருவர் முப்பது சென்ட் நிலம் வாங்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். சார்பதிவாளர் அலுவலகத்தில் கிரயப் பத்திரம் பதிவாகிவிட்டது. வீட்டுக்கு வந்து கைபேசியில் பட்டாவைத் திறந்தால், விற்றவர் பெயரே நிற்கிறது. பணமும் கொடுத்தாச்சு, கைரேகையும் வெச்சாச்சு, அப்புறம் ஏன்?

பத்திரம் இருப்பது ஒரு மென்பொருளில், பட்டா இருப்பது இன்னொன்றில். பதிவுத் துறைக்கு 2018 பிப்ரவரியில் வந்த ஸ்டார் 2.0, வருவாய்த் துறைக்குத் தமிழ்நிலம். அது சொன்னால்தான் இதுக்குத் தெரியும். உட்பிரிவு தேவையில்லை, விற்றவர் பெயரும் பட்டாவில் உள்ள பெயரும் ஒத்துப்போகிறது என்றால் பட்டா தானாகவே மாறும் வசதி வந்ததே, இரண்டையும் பேச வைத்ததால்தான்.

எப்படிப் பேச வைப்பது? பாடத்துக்காக, இப்படிப்பட்ட இரண்டு மென்பொருளும் ஒரே சர்வரில் இருப்பதாகக் கொள்வோம். பக்கத்துல பக்கத்துலதானே இருக்கு, ஒரே தரவுத்தளத்தை ரெண்டும் வெச்சுக்கலாமே என்றுதான் முதலில் தோன்றும். வேலை சீக்கிரம் முடியும், உண்மைதான். ஆனால் பதிவு மென்பொருள் நேரே பட்டா அட்டவணையில் கை வைத்தால், வருவாய்த் துறை செய்யும் சரிபார்ப்பு எல்லாம் தாண்டிப் போய்விடும். தப்பு நடந்தால் யார் மாற்றியது என்று கண்டுபிடிப்பதும் கஷ்டம். செஞ்சிக் கோட்டையில் மூன்று மலையும் ஒரே மதிலுக்குள்தான். அதுக்காக ராஜகிரிக்குத் தனி வாசல் வேண்டாம் என்று யாரும் விடவில்லையே!

அந்த வாசல்தான் ஏபிஐ. ஒரு மென்பொருள் கேட்கும், மற்றது பதில் சொல்லும். ஒரே சர்வர் என்பதால் கேள்வி வெளி நெட்வொர்க்குக்கே போகாது, 127.0.0.1 என்ற உள்முகவரி போதும். உள்ளுக்குள்ளேயேதானே என்று சாவி கேட்காமல் திறந்துவிடவும் கூடாது. பதில் உடனே வேண்டிய இடத்துக்கு இது பொருத்தம். 'இந்த சர்வே நம்பர் யார் பெயரில் இருக்கு?' என்று பதிவுக்கு முன்பே தெரிய வேண்டும் அல்லவா?

பதிவு முடிந்த பிறகு 'பெயரை மாற்று' என்று சொல்வதற்கும் இதையே வைத்தால்தான் சிக்கல். அந்த நேரம் பட்டா மென்பொருள் பராமரிப்புக்காக நின்றிருந்தால், கவுண்டரில் இருப்பவர் காத்துக் கிடக்கணும். இல்லையென்றால் செய்தியே தொலைந்துபோகும். தொலைந்தது வாங்கியவருக்கு எப்போ தெரியும்? பயிர்க் கடனுக்குப் போய் நிற்கும்போதுதான்.

இதுக்கு நல்லது செய்தி வரிசை. தபால் பெட்டி மாதிரி. பதிவு மென்பொருள் செய்தியைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். பட்டா மென்பொருள் எழுந்ததும் எடுத்துப் பார்த்து, முடித்ததும் 'ஆச்சு' என்று ஒப்புகை அனுப்பும். ஒப்புகை வரும்வரை செய்தியை அழிக்கக் கூடாது. வரிசை நினைவகத்தில் மட்டும் இருந்தால் சர்வர் ஒருமுறை அணைந்து எழுந்தாலே போச்சு, அதனால் வட்டில் எழுதி வைக்கணும். ஒரே செய்தி இரண்டு முறை வந்தாலும் பட்டா ஒரு முறைதான் மாற வேண்டும். ஆவண எண், ஆண்டு, சார்பதிவாளர் அலுவலகம் மூன்றையும் சேர்த்து ஒப்பிட்டால் 'இது ஏற்கெனவே முடிந்தது' என்று தெரிந்துவிடும்.

எந்த வழியானாலும் சர்வேயர் செய்யும் வேலையை அது செய்யாது. ஒரு ஏக்கரில் முப்பது சென்ட் மட்டும் வாங்கினால் உட்பிரிவு வரும். நிலத்தை அளந்த பிறகுதான் பட்டா.

இன்னொரு இடத்திலும் தானியங்கி மாற்றம் நின்றுவிடும். பட்டா அப்பா பெயரிலேயே கிடக்க, மகன் விற்றால் பெயர் ஒத்துப்போகாது. ஆகவே முன்பணம் கொடுக்கும் முன்னாடியே, வருவாய்த் துறையின் இ-சேவைகள் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், சர்வே நம்பர் கொடுத்து, பட்டா யார் பெயரில் என்று பாருங்க. விற்பவர் பெயரில் இல்லையென்றால், முதலில் அவர் பெயருக்கு மாற்றி வாங்கித் தரச் சொல்லுங்க. பதிவு முடிந்த பிறகுதான் இது தெரியவந்தால், பத்திர நகலோடு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்து, அங்கே தரும் விண்ணப்ப எண்ணைக் கைபேசியில் படம் எடுத்து வெச்சுக்குங்க.