கொல்லிமலையின் வரலாற்றுச் சுவடுகள்

நுழையும்முன்

வரலாற்றைக் கோட்டைகளிலும் அரண்மனைகளிலும் மட்டுமே தேடுவது நம் வழக்கம். ஒரு மன்னனின் அரண்மனை அழிந்தபின்னும் அவன் பெயர் நிலைப்பது எவ்வாறு? நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை இவ்வினாவிற்கு விடை கூறுகிறது.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு பகுதியான கொல்லிமலை, கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேல் உயர்ந்து நிற்கிறது. காரவள்ளி அடிவாரத்திலிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலேறினால், வளப்பூர் நாடு, வாழவந்தி நாடு என நாடுகளாகப் பகுக்கப்பட்ட ஊர்களைக் காணலாம். இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் தமிழ் பேசுபவர்கள். 'மலையை ஆள்பவர்' என்பதே அப்பெயரின் பொருள் என்பர்.

வில்லும் கொடையும்

சங்க காலத்தில் இம்மலையை ஆண்டவன் வல்வில் ஓரி. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான அவனது வில்லாற்றலையும் கொடையையும் புறநானூற்றில் வன்பரணர் பாடியுள்ளார். மலையமான் திருமுடிக்காரி ஓரியைக் கொன்று, கொல்லியைச் சேரனுக்கு அளித்த செய்தியை அகநானூறு தருகிறது. நாட்டை இழந்தவன் ஓரி. ஆயினும், செம்மேட்டில் சிலையாக நிற்பவனும் ஆடி மாதத்தில் விழா எடுக்கப்பெறுபவனும் அவனே. அவன் புகழைக் காத்தது கல்லன்று, சொல்.

கல் பேசும் கோயில்

வளப்பூர் நாட்டில் அமைந்துள்ளது அறப்பளீசுவரர் கோயில். தேவாரத்தில் 'அறப்பள்ளி' எனக் குறிக்கப்பெறும் இது ஒரு வைப்புத் தலம். அதாவது, தனிப்பதிகம் பெறாமல் பிற பதிகங்களுக்கு இடையே பெயர் சுட்டப்பெற்ற தலம். இங்குள்ள சோழர் காலக் கல்வெட்டுகள், இத்தனை உயரத்திலும் கோயிற்பணி நடைபெற்றதற்குச் சான்றுகளாகும். அம்பலவாணக் கவிராயர் இயற்றிய அறப்பளீசுர சதகம் இவ்விறைவனை முன்னிலைப்படுத்திப் பாடப்பட்டது. கோயிலின் அருகே ஓடும் ஐயாறு, சற்றுத் தொலைவில் ஆகாய கங்கை அருவியாக வீழ்கிறது.

மருத்துவத்தின் சுவடு

கடல் கடந்து வந்தோரும் இம்மலையில் சுவடு பதித்துள்ளனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெஸ்ஸி பிராண்ட், எவலின் பிராண்ட் என்னும் ஆங்கிலேய இணையர் இங்குத் தங்கி மருத்துவமும் கல்வியும் வழங்கினர். 1929இல் காய்ச்சலுக்கு இரையான ஜெஸ்ஸி, இம்மலையிலேயே அடக்கம் செய்யப்பட்டார். 1914இல் பிறந்த அவர்தம் மகன் பால் பிராண்ட், பின்னாளில் வேலூரில் தொழுநோயாளரின் முடங்கிய கைகளுக்கு அறுவை மருத்துவம் செய்து உலகப் புகழ் பெற்றார். தொழுநோயாளரின் விரல்கள் சிதைவதற்கு, உணர்விழந்த உறுப்புகளில் அவர்கள் அறியாமலே ஏற்படும் காயங்களே பெரிதும் காரணம் என்பதை அவர் விளக்கிக் காட்டினார்.

நம் கடமை

பாட்டிலும் கல்லிலும் தொண்டிலும் கொல்லியின் வரலாறு பதிந்துள்ளது. பாட்டைப் படிப்போர் இல்லையெனில் ஓரி மறைவான். கல்வெட்டின்மீது சுண்ணாம்பு பூசினால் எழுத்து மறையும். சுவரில் நம் பெயரைக் கீறினால் முன்னோர் பெயர் அழியும். உங்கள் ஊரிலும் பழங்கோயிலோ நடுகல்லோ குளமோ இருக்கலாம். அதன் வரலாற்றை முதியோரிடம் கேட்டு எழுதி வையுங்கள். அவ்வேட்டின் முதல் வரியும் ஒரு கல்வெட்டே.