உணவும் ஒரு மருந்தே

பசித்தோருக்கு உணவளித்தல் இரக்கச் செயல்களுள் முதலாவது என்று மறைக்கல்வியில் கற்கிறோம். மருத்துவருக்கும் அது பாடமே.

அமெரிக்க மருத்துவ மாணவர் ஜாக் கைகர் 1957-இல் தென்னாப்பிரிக்காவின் போலேலா நலநிலையத்தில் பயிற்சி பெறச் சென்றார். 1940-இல் தொடங்கிய அந்நிலையம், ஊராருடன் கூடிக் காய்கறித் தோட்டங்களை வளர்த்து வந்தது.

அங்குக் கற்றதை அவர் மறக்கவில்லை. 1967-இல் மிசிசிப்பி மாநிலத்து மவுண்ட் பேயூ என்னும் ஊரில், தோழர்களுடன் ஒரு நலநிலையம் திறந்தார். பசியால் மெலிந்த பிள்ளைகளுக்கு மருந்துச் சீட்டில் உணவையே எழுதித் தந்தனர். கடைக்காரர் பொருளைக் கொடுத்தார். பணம் மருந்துக் கணக்கிலிருந்து சென்றது. அதிகாரிகள் ஆட்சேபித்தபோது, சத்துக்குறைவுக்கு உணவே மருந்து என்று கைகர் விடையளித்தார்.

ஆயினும் சீட்டு எத்தனை நாள் பசியாற்றும்? 1968-இல் ஏழைக் குடும்பங்கள் ஒன்றுகூடிக் கூட்டுறவுப் பண்ணை தொடங்கித் தம் உணவைத் தாமே விளைவித்தன.

மருத்துவராக விரும்பும் மாணவியரே, நோயாளியிடம் "எங்கே வலிக்கிறது?" என்பதோடு "என்ன சாப்பிட்டீர்கள்?" என்றும் கேளுங்கள்.