நெடுநடை நூல்களைத் தேடுவோர்க்கு

நெடுந்தூரம் கால்நடையாய்ச் சென்றோரின் அனுபவ நூல்களை நாடும் கம்பம் பள்ளத்தாக்கு வாசகர்கள், அந்நிய தேசத்து மலைப்பாதைகளைப் பற்றிய புத்தகங்களுக்கு முன்பாக, சிலப்பதிகாரம் காட்டும் வழியைப் புகாரிலிருந்து பின்பற்றி நடந்து, 1963-இல் கூடலூருக்கு மேலுள்ள மங்கலதேவிக் கோட்டத்தைக் கண்ணகி கோயிலெனக் கண்டுணர்த்திய பேராசிரியர் சி. கோவிந்தராசனாரின் ‘கண்ணகியார் அடிச்சுவட்டில்’ என்னும் நூலைத் தேடிப் படிப்பதே உத்தமம். நூலகத்தில் பயண இலக்கிய அலமாரியில் அகப்படாவிடில், சிலப்பதிகார ஆராய்ச்சி நூல்களிடையே பாருங்கள். இத்தகைய அருமையான கிரந்தங்கள் பெரும்பாலும் அங்கேதான் ஒதுங்கிக் கிடக்கும். மதுரைக் காண்டத்தையும் உடன் வைத்துக்கொண்டு, வரும் ஊர்ப்பெயர்களைப் பென்சிலால் ஒரு தாளில் வரிசையாகக் குறித்தபடியே வாசித்தால், வைகைக் கரையை ஒட்டி மேற்கே நடந்த கண்ணகியின் மார்க்கம் பிரத்தியட்சமாய் விளங்கும். பளியன்குடியிலிருந்து அக்கோயிலுக்கு ஏறும் காட்டுப்பாதையில் சித்திரா பௌர்ணமியன்று மட்டுமே பக்தர்களை அனுமதிப்பதால், பங்குனி முடிவதற்குள் நூலைப் படித்துவிடுங்கள்.