கதிர்வீச்சுச் சிகிச்சை: போய் வந்தவர்கள் சொல்வதைக் கேட்போம்

(ஆண்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் ஒரு சுகாதாரப் பாடம்)



ஆண்கள் வெளியில் பேசக் கூச்சப்படும் ஒரு விடயத்தை இம்முறை எடுத்துக்கொண்டுள்ளோம். புரொஸ்டேட் எனப்படும் முன்னிற்குஞ் சுரப்பியில் வரும் புற்றுநோயும், அதற்குக் கொடுக்கப்படும் கதிர்வீச்சுச் சிகிச்சையும்தான் அது. நமது ஆட்கள் இச்சிகிச்சையை "கரண்ட் பிடிக்கிறது" என்பார்கள். அந்தப் பேச்சினாலேயே பாதிப் பயம் வந்துவிடுகிறது.

எமக்கு நேர்ந்த ஒன்றை முதலில் சொல்லிவிடுகிறோம். பல வருடம் கவ்வாத்து வெட்டிய ஒரு பெரியவர், பெரிய ஆஸ்பத்திரியில் இச்சிகிச்சையை ஆரம்பித்து, மூன்றாம் வாரத்தில் போகாமல் நின்றுவிட்டார். பஸ் காசு இல்லையாக்கும் என்று நாம் நினைத்து, காசுக்கு ஏற்பாடு செய்தோம். அப்பவும் அவர் போகவில்லை. ஒரு நாள் லயத்துக்குப் போய் வாசலில் உட்கார்ந்து பேசிய பிறகுதான் உண்மை வந்தது. "ஐயா, ஒன்னுக்குப் போனா நெருப்பா எரியுது. கரண்டு உள்ளுக்குப் போயி எல்லாத்தையும் சுட்டுப்புடுச்சு. இனி போனா செத்துருவேன்" என்றார். அந்த எரிச்சல் பலருக்கும் வருவது, மருந்து கொடுத்தால் குறைவது. இதை அவருக்கு யாரும் புரியும்படி சொல்லவில்லை. நாமும் கேட்கவில்லை. ஆறு நாள் சிகிச்சை வீணாகத் தவறியது. பிறகு போனார். டாக்டர்மார் மறுபடி கணக்குப் பார்த்துச் சிகிச்சையை முடித்துக் கொடுத்தார்கள். இந்தப் பாடத்தை எழுத அவர்தான் காரணம்.

முன்னிற்குஞ் சுரப்பி எங்கே இருக்கிறது?

ஆண்களுக்கு மட்டும் உள்ள சிறிய சுரப்பி இது. சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி இருக்கிறது. அதற்குப் பின்னால் மலக்குடல் உள்ளது. ஐம்பது வயதுக்கு மேல் இந்தச் சுரப்பி பெருப்பது சகஜம். இரவில் பல தடவை எழும்புவது, சிறுநீர் மெல்ல மெல்லப் போவது எல்லாம் புற்றுநோய் என்று எண்ண வேண்டாம். பெரும்பாலும் அது வயதினால் வந்த வீக்கமே. ஆனாலும் காட்டிப் பார்க்க வேண்டும். ஏனென்றால் இந்தப் புற்றுநோய் ஆரம்பத்தில் எந்த அடையாளமும் காட்டாமலே இருக்கலாம். சிறுநீரில் இரத்தம் வந்தாலோ, இடுப்பு எலும்பில் ஓயாத வலி இருந்தாலோ, "மூட்டை தூக்கின வலி" என்று தைலம் தேய்த்துக்கொண்டு இருக்கக் கூடாது. பீ.எஸ்.ஏ. என்ற இரத்தப் பரிசோதனையும், தேவைப்பட்டால் சுரப்பியிலிருந்து சிறு துண்டு எடுத்துப் பார்ப்பதும் நோயைக் கண்டுபிடிக்க உதவும்.

அங்கே என்ன செய்வார்கள்?

கண்டி, மஹரகம போன்ற இடங்களிலுள்ள அரசாங்க ஆஸ்பத்திரிகளில் கதிர்வீச்சுச் சிகிச்சை இலவசமாகச் செய்யப்படுகிறது. முதலில் சீ.டி. ஸ்கேன் எடுத்து அளவு பார்ப்பார்கள். இடுப்பில் சிறு புள்ளி அடையாளம் வைப்பார்கள். அதைத் தேய்த்து அழிக்கக் கூடாது. பிறகு வாரத்தில் ஐந்து நாள் வீதம் சில வாரங்கள் போக வேண்டும். மேசையில் மல்லாந்து அசையாமல் படுக்க வேண்டும். மெசின் சுற்றி வரும், சத்தம் கேட்கும். கதிர் படுவது சில நிமிடம்தான். அந்த நேரத்தில் வலியோ சூடோ தெரியாது. "எக்ஸ்ரே புடிச்ச மாதிரிதான் இருந்துச்சு. இதுக்கா ராத்திரி முழுக்கத் தூங்காம கெடந்தேன்" என்று ஒருவர் எம்மிடம் சிரித்தார்.

நாள் கணக்கு ஆளுக்கு ஆள் மாறும். முன்பு பெரும்பாலும் 37 நாள் அளவில் கொடுத்தார்கள். சற்றுக் கூடிய அளவாக 20 நாளில் கொடுத்தாலும் பலன் குறையவில்லை என்று பிரித்தானிய ஆய்வொன்று 2016இல் காட்டியது. ஆகவே "அவருக்கு அத்தனை நாள், எனக்கு ஏன் இத்தனை நாள்" என்று ஒப்பிட்டுப் பயப்பட வேண்டாம்.

நோயாளிகள் என்ன சொன்னார்கள்?

பிரித்தானியாவில் நோய் சுரப்பிக்குள் மட்டும் இருந்த 1,643 ஆண்களை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஒப்பரேஷன். ஒரு பிரிவுக்குக் கதிர்வீச்சு. மூன்றாம் பிரிவை அடிக்கடி பரிசோதித்துக் கவனித்து வந்தார்கள். அவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்பதை அவர்களிடமே வருடக் கணக்கில் கேட்டு எழுதினார்கள். 2023இல் வெளியான 15 வருட முடிவின்படி, மூன்று பிரிவிலும் நூற்றுக்குச் சுமார் மூன்று பேரே இந்நோயினால் இறந்திருந்தார்கள். சிறுநீர் கசிவதும் ஆண்மைக் குறைவும் ஒப்பரேஷன் செய்தவர்களுக்கு அதிகம். கதிர்வீச்சு எடுத்தவர்களுக்கு ஆறு மாத அளவில் ஆண்மைக் குறைவு கூடுதலாக இருந்து, பிறகு ஓரளவு தேறியது. மலம் கழிப்பதில் தொந்தரவு அவர்களுக்குத்தான் கூடுதல். ஆகவே நோயை நேரத்தோடு கண்டுபிடித்தால் பல வழி உண்டு, ஒவ்வொரு வழிக்கும் ஒவ்வொரு கஷ்டம் உண்டு. எதைத் தாங்கலாம் என்று டாக்டரிடம் கேட்டுப் பேசுவது நமது உரிமை.

வரக்கூடிய தொந்தரவுகளும் செய்ய வேண்டியவையும்

1. இரண்டாம், மூன்றாம் வாரமளவில் அடிக்கடி சிறுநீர், எரிச்சல், வயிற்றுப்போக்கு, உடல் அசதி வரலாம். சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பெரும்பாலும் குறையும். அன்றன்றே டாக்டரிடம் சொல்லுங்கள். நீங்களாக நிற்பாட்ட வேண்டாம்.

2. பல இடங்களில் சிறுநீர்ப் பை நிரம்பியும் மலக்குடல் காலியாகவும் வரச் சொல்வார்கள். நிரம்பிய பை குடலைக் கதிர் படும் இடத்திலிருந்து தள்ளி வைக்கும். பஸ்ஸில் அடக்கிக்கொண்டு போகத் தேவையில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சிறுநீர் கழித்துவிட்டு, சொன்ன அளவு தண்ணீர் குடித்துக் காத்திருக்கலாம். உங்கள் முறை பிந்தி, அடக்க முடியாவிட்டால் வெட்கப்படாமல் சொல்லுங்கள்.

3. இரவில் மழையில், வழுக்கும் படியில் கக்கூசுக்கு ஓட வேண்டாம். மூடியுள்ள வாளியொன்றைக் காம்பிராவில் வைத்துக்கொள்ளுங்கள். இதில் அசிங்கம் ஒன்றுமில்லை. விழுந்து இடுப்பை உடைத்துக்கொள்வதுதான் ஆபத்து.

4. கொழுந்து எடுத்து வாழும் நம்மிடம் சொல்லக் கஷ்டம்தான். ஆனாலும் கடும் சாயத்தண்ணி எரிச்சலைக் கூட்டலாம், குறைத்துக்கொள்ளுங்கள். சாராயம் வேண்டாம்.

5. சிலருக்கு ஊசியும் சேர்த்துப் போடுவார்கள். அதனால் திடீரென உடம்பு சூடாகி வியர்க்கலாம், ஆசை குறையலாம். மனைவி "என்னைய வெறுத்துட்டாரு" என்று எண்ணிவிடக் கூடாது. இருவரும் சேர்ந்தே கிளினிக்குக்குப் போய்க் கேளுங்கள்.

6. மாதங்கள், வருடங்கள் கழித்தும் மலத்தில் இரத்தம் வரலாம். மூலம் என்று நீங்களே முடிவு செய்யாமல் கிளினிக்கில் காட்டுங்கள்.

பேரப்பிள்ளையைத் தூக்கலாமா?

தாராளமாகத் தூக்கலாம். வெளியிலிருந்து மெசினால் கொடுக்கும் கதிர் உடம்பில் தங்குவதில்லை. ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றவும் மாட்டாது. தட்டு, கோப்பை, பாய் எதையும் பிரித்து வைக்க வேண்டாம். மேலே சொன்ன பெரியவருக்கு உடம்பு எரிச்சலைவிட, வீட்டில் அவருக்கென்று தனிக் கோப்பை ஒதுக்கி வைத்ததுதான் பெரிய வலி. சிகிச்சை முடிந்து வந்த அன்று மருமகள் அந்தக் கோப்பையை எடுத்து எல்லாக் கோப்பைகளோடும் சேர்த்துக் கழுவி வைத்ததை எம்மிடம் இரண்டு தரம் சொன்னார்.

வீட்டில் பேசிப் பார்க்க மூன்று கேள்விகள்

• நம் வீட்டில் ஐம்பது வயது கடந்த ஆண்கள் யார்? இரவில் எத்தனை முறை எழும்புகிறார் என்று அவரிடம் யாராவது கேட்டோமா?

• சிகிச்சைக்கு நாள்தோறும் போக வேண்டி வந்தால் கூடப் போவது யார்? எங்கே தங்குவது?

• தொந்தரவு வந்தால் அவர் முதலில் யாரிடம் வாய் திறப்பார்?

தோட்ட டிஸ்பென்சரியிலும் நலன்புரி அலுவலகத்திலும் இதைப் பற்றித் தனியாகப் பேசலாம். ஒரு மனிதர் சிகிச்சைக்குப் போகாமல் நின்றால், காசை மட்டும் கேட்காமல் காரணத்தையும் கேட்க நாமும் பழகிக்கொண்டோம்.