முதலில் கிணற்றைப் பார்

ஸ்காபரோ,
ஞாயிறு இரவு

அன்புள்ள மருமகனுக்கு,

உன் கடல்நீர்த் தொட்டியை எடுத்து நீ அனுப்பிய பதினொரு படங்களையும் பார்த்தேன். பத்தில் ஒன்றும் விளங்கவில்லை. நீல விளக்கின் கீழ் எடுத்தால் செத்த முருகையும் திருவிழாச் சோடனை போல மின்னும். வெள்ளை விளக்கில் எடுத்த கடைசிப் படம்தான் விஷயத்தைச் சொன்னது. வாங்கும்போது பச்சையும் செம்மஞ்சளுமாக இருந்த சோவா முருகைகள் இப்போது தேயிலைச் சாயத்தின் நிறத்தில் நிற்கின்றன. கல்லெல்லாம் விரல் நீளத்துக்குப் பச்சை மயிர்ப்பாசி. மூலையில் கண்ணாடி போலத் துலங்கும் நாலைந்து 'பூக்கள்' தானாக முளைத்தன என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறாய். அவை பூக்களல்ல தம்பி. அந்தக் கதைக்குப் பிறகு வருகிறேன்.

முருகையின் உடம்புக்குள் நுண்பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் உணவு செய்து வீட்டுக்காரருக்கும் பங்கு கொடுப்பவை. அவற்றின் நிறம் மண்ணிறம். தண்ணீரில் நைத்திரேற்றும் பொசுபேற்றும் கூடினால் அவை கனக்கப் பெருகி, முருகையின் சொந்த நிறத்தை மூடிவிடும். வெளிச்சம் போதாவிட்டாலும் முருகை கறுக்கும். வெளுப்பது வேறு. சூடோ வெளிச்சமோ மிஞ்சினால் முருகை அந்தக் குடியிருப்பாளரை வெளியே தள்ளிவிட்டு வெள்ளையாய் நிற்கும். 1998இல் ஹிக்கடுவைக் கடலில் நடந்தது அதுதான். உன்னுடையவை கறுத்திருக்கின்றன, வெளுக்கவில்லை. நீயோ நிறம் போய்விட்டதென்று பதறி விளக்கை முழு அளவுக்கு ஏற்றிவிட்டாய். இன்றே பழைய அளவுக்கு இறக்கு. இல்லாவிட்டால் ஒரு வருத்தத்தோடு இன்னொன்றும் சேரும்.

இனி, உன் கடிதத்தில் நீ பெரிதாக எண்ணாமல் எழுதிய ஒரு வரி. தொட்டிக்கு மின்விசிறி பூட்டிய பிறகு ஒரு நாளைக்கு 2 லீற்றர் வற்றுகிறது, அதை "எங்கட கிணத்துத் தண்ணியாலதான் நிரப்புறன் மாமி, நல்ல தண்ணி" என்று எழுதியிருந்தாய்.

அந்தக் கிணற்றில் துலா மிதித்த காலத்தில் அள்ளிக் குடித்தவள் நான். குறை சொல்ல வாய் வரவில்லை. ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். இணுவிலில் செம்மண்ணுக்குக் கீழே இருப்பது ஒருகாலத்தில் கடலடியில் படிந்த சுண்ணாம்புக்கல். வெடிப்பும் பொந்துமான கல். அண்ணன் வெங்காயத்துக்கு எறிகிற யூரியாவில் பயிர் எடுத்தது போக மிச்சம், இறைப்புத் தண்ணீரோடும் மாரி மழையோடும் நேரே கீழே இறங்கிவிடுகிறது. மலசலகூடக் குழிகளும் தம் பங்குக்குச் சேர்க்கின்றன. குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் எல்லை. வலிகாமத்துக் கிணறுகள் பல அந்த எல்லையைத் தாண்டியதை ஆய்வுகள் திரும்பத் திரும்பப் பதிந்திருக்கின்றன.

நம் கிணறு அந்த எல்லையில் நிற்கிறதென்றே வைத்துக்கொள். 2 லீற்றரில் 100 மில்லிகிராம். வற்றிப் போவது வெறும் நீர், நைத்திரேற்று தொட்டியிலேயே தங்கும். உன் 100 லீற்றர் தொட்டியில் லீற்றருக்கு நாளொன்றுக்கு ஒரு மில்லிகிராம் கூடும், மாதத்துக்கு 30. இந்த முருகைகளுக்கு 5 முதல் 10 வரை தாராளம். நீ தொட்டியில் மாதாமாதம் பசளை போட்டுக்கொண்டிருக்கிறாய், பாசி வளராமல் என்ன செய்யும்? காய்ச்சி ஆறவைத்து ஊற்றினால் சரிவராதா என்று கேட்பாய். காய்ச்சினால் நீர் ஆவியாகும், நைத்திரேற்றின் செறிவு கூடும்.

ஆகவே நீ வாங்கி வைத்த மூன்று பாசிக்கொல்லிப் போத்தல்களையும் மூடி வை. வற்றியதை நிரப்ப, சவ்வு வழியே வடித்த ஆர்.ஓ. தண்ணீர் மட்டும். தாளையடியில் கடல்நீரைக் குடிநீராக்குவதும் இதே மாதிரிச் சவ்வுதான். நீ அந்தக் குடிநீரைத் திரும்பக் கடலாக்கப் போகிறாய், சிரிப்பாகத்தான் இருக்கிறது. விற்கிற தண்ணீரையும் ஒருமுறை சோதித்துவிட்டு வாங்கு. சவ்வு பழசானால் நைத்திரேற்றை விட்டுவிடும். கிழமைக்கு 15 லீற்றர் தொட்டித் தண்ணீரை எடுத்துவிட்டு, ஆர்.ஓ. தண்ணீரில் கடலுப்பு மா கரைத்தோ திறந்த கடலில் அள்ளிவந்தோ ஊற்று. கடல்நீரேரியில் அள்ளாதே, மாரியில் அதன் உப்பு இறங்கிவிடும். மயிர்ப்பாசி பிடித்த கல்லை வெளியே எடுத்து, கையால் பிடுங்கி, பழைய பல்தூரிகையால் தேய். சோவா ஒட்டிய கல்லை மட்டும் அப்படித் தேய்க்காதே. ஏன் என்று கீழே எழுதுகிறேன். நைத்திரேற்றை ஒரேயடியாகப் பூச்சியத்துக்கும் இறக்காதே. முருகை பட்டினியில் வெளிறும், சளி போன்ற இன்னொரு பாசி வந்து உட்காரும், அது மயிர்ப்பாசியைவிடப் பொல்லாதது. நிறம் திரும்ப இரண்டு மாதமாவது எடுக்கும். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம், அதைத் திகதியோடு கொப்பியில் எழுது.

தண்ணீர் தூக்க எந்த வாளி? திராட்சைக்கு மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலக்கிய வாளியைத் தொட்டிக்குக் கிட்டக் கொண்டுவராதே. மயில்துத்தத்திலுள்ள செம்பு, மீன் தாங்கும் அளவில்கூட, முருகையையும் நத்தையையும் இறாலையும் கொல்லும்.

அந்தப் பூக்களின் பெயர் ஐப்டேசியா. கொட்டும், பரவும், பக்கத்து முருகையை எரிக்கும். என் தொட்டியில் முதல் முளைத்தபோது கத்தரிக்கோலால் நறுக்கி எறிந்தேன், கெட்டித்தனமாக. மூன்று கிழமையில் இருபத்தேழு. நறுக்கின ஒவ்வொரு துண்டும் ஒரு குஞ்சு. இதற்கு மருந்து அப்பம்மாவின் வெற்றிலைத் தட்டத்திலேயே இருக்கிறது: சுண்ணாம்பு. வாசனையும் நிறமும் சேர்க்காத வெள்ளைச் சுண்ணாம்பாக இருக்கவேண்டும். ஆர்.ஓ. தண்ணீரில் தயிர்ப்பதமாகக் குழைத்து, பம்பை நிறுத்திவிட்டு, ஊசியில்லாத சிரிஞ்சால் அதன் வாய்மேல் மெதுவாக மூடு. தொட்டு எழுப்பிவிடாதே, பொந்துக்குள் ஓடிவிடும். ஒருநாளில் மூன்றுக்கு மேல் வேண்டாம், தண்ணீரின் காரம் ஏறிவிடும்.

சோவாக் கல்லுக்கு ஏன் தூரிகை வேண்டாமென்றால், அந்த இனத்தில் சிலவற்றில் பலிடொக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. 1971இல் ஹவாயில் பிரித்தெடுத்தார்கள். பாசி போகட்டுமென்று கல்லைக் கொதிக்கவைத்து, ஆவியைச் சுவாசித்து, குடும்பமாக ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் உண்டு. குசினிப் பானையில் அந்தக் கல் ஏறவே கூடாது. தொடும்போது கையுறையும் கண்ணாடியும் போடு.

உயிருள்ள கல்முருகை உடைத்துத் தருகிறேன் என்று சொன்ன உன் கூட்டாளிக்கு இல்லையென்று சொல். சட்டப்படி குற்றம். நெடுந்தீவு வேலிகளில் அடுக்கிக் கிடக்கும் முருகைக்கல் எவ்வளவென்று நீயே பார்த்திருக்கிறாய். கடலில் மிஞ்சியிருப்பது அங்கேயே இருக்கட்டும்.

நாளைக் காலை, நைத்திரேற்றுச் சோதனைப் பெட்டியின் மருந்தைத் தொட்டித் தண்ணீருக்கு முதல் கிணற்றுத் தண்ணீரில் விடு. நிறம் கடும் சிவப்புக்குப் போனால் படத்தை எனக்கு அனுப்புவதைப் பிறகு பார்க்கலாம். அக்கா கைக்குழந்தையோடு வந்து நிற்கிறாள் என்று எழுதியிருந்தாய். நேரே குசினிக்குப் போய், பிள்ளைக்குப் பால்மா எந்தத் தண்ணீரில் கரைக்கிறார்கள் என்று கேள்.

அன்புடன்,
மாமி