முதிய குதிரையும் ஐந்து அதிசாரங்களும்

இல்லறத்தார் ஏற்கும் அணுவிரதங்களுள் முதலாவது கொல்லாமை. அவ்விரதத்திற்கு மாசு சேர்க்கும் அதிசாரங்கள் ஐந்தென உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயத்தில் வகுத்துள்ளார். கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பைச் சிதைத்தல், மிகைப்பாரம் ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல் என்பன அவை. உயிர் போகாவிடினும் இவற்றால் விரதம் குறைவுறும்.

அடையாற்றில் கலாக்ஷேத்திரத்தை நிறுவிய ருக்மிணி தேவி அருண்டேல் அம்மையார் 1952இல் மாநிலங்களவை உறுப்பினரானார். அவரது பெருமுயற்சியின் பயனாக 1960இல் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் பிறந்தது. அதன் 11ஆம் பிரிவில் இவ்வைந்தையும் ஒத்த குற்றங்கள் காணப்படுகின்றன. முதுமையாலோ நோயாலோ தளர்ந்த விலங்கை வேலைக்கு ஏவுதலும் அங்குக் குற்றமே.

மெரீனாவிலும் பெசன்ட் நகர்க் கடற்கரையிலும் சவாரி சுமக்கும் குதிரைகளை நாம் காண்கிறோம். நெடுநாள் உழைத்த குதிரைக்கு முதுமையில் மூட்டுவாதம் வருதல் உண்டு. மூட்டின் குருத்தெலும்பு தேய்ந்தபின் பழைய நிலைக்குத் திரும்பாது. நோவைக் குறைத்தலே இயலும். அத்தகைய குதிரையை மீட்டுத் தொழுவத்தில் சேர்த்தவுடன் அறம் நிறைவுற்றதாகக் கருதலாகாது. அன்புடையார் தொழுவத்திலும் அறியாமையால் அவ்வைந்தும் நுழையக்கூடும்.

1. கட்டி வைத்தல்: நாள் முழுதும் கட்டுண்டு நின்றால் மூட்டு மேலும் விறைக்கும். மிருதுவான மண்ணில் நாள்தோறும் மெல்ல உலவ விடுதல் வேண்டும்.

2. அடித்தல்: படுத்த குதிரை எழத் தயங்குவது பிடிவாதமன்று, நோவேயாகும். கோல் ஓங்காமல் பொறுத்திருக்க வேண்டும். வழுக்காத தரையும் தடித்த வைக்கோல் படுக்கையும் உதவும்.

3. சிதைத்தல்: குளம்பு மிக வளர்ந்தால் கால் கோணி மூட்டில் சுமை ஏறும். ஆறு முதல் எட்டு வாரங்களுக்கு ஒருமுறை லாடம் கட்டுவோரைக் கொண்டு சீர்செய்தல் நன்று.

4. மிகைப்பாரம்: சவாரி நின்றபின் கொழுத்த உடலே பாரமாகும். தானியமும் வெல்லமும் அளவோடு இருத்தல் வேண்டும்.

5. உணவைத் தடுத்தல்: பல் தேய்ந்த குதிரை, புல் குவிந்திருந்தும் பட்டினி கிடக்கும். ஊறவைத்த மென்மையான உணவு தருக. நீரை அருகிலேயே வைக்க. ஆண்டுக்கு ஒருமுறையேனும் பற்களை மருத்துவரிடம் காட்டுக.

வலிநீக்கும் மருந்தைக் கால்நடை மருத்துவர் குறித்த அளவிலேயே தருதல் வேண்டும். மிகுந்தால் இரைப்பையில் புண்ணும் சிறுநீரகக் கேடும் உண்டாகும். டைக்ளோஃபெனாக் என்னும் மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துதல் 2006இல் தடை செய்யப்பட்டது. அம்மருந்து தங்கிய கால்நடைப் பிணங்களைத் தின்ற கழுகுகள் பெருந்தொகையாய் மடிந்தமையே காரணம். ஓருயிரின் நோவு தீர்க்கும் மருந்து பிறிதோர் உயிருக்கு நஞ்சாதல் தகுமோ?

குதிரை மனத்தோடு கூடிய ஐம்பொறி உயிர். நோவை நம்மைப் போலவே உணரும். அதன் உயிரைப் போக்க உடன்படாத நாம், நோவை மட்டும் அதனிடமே விட்டு விலகுதல் அறமாகாது. கொல்லோம் என்பார்க்கு நோவு தணிக்கும் கடமை இருமடங்காகும். மூன்றாம் தீர்த்தங்கரராகிய சம்பவநாதரின் இலாஞ்சனம் குதிரை. அப்பெருமானை வணங்கும் கைகள் தளர்ந்த குதிரையின் காலையும் பேணுக.